ஆயா வீட்டில் பாட மறுத்த பாட்டு

2016 தை மாதம். காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர் வீட்டுத் திண்ணையில் ஆயா, அதாவது என் பாட்டி, புளி தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து போனை நீட்டி, "ஒரு ஒப்பாரி பாடு ஆயா, பதிஞ்சுக்கிறேன்" என்றேன். தட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "விளக்கு வெக்கிற வூட்டுல ஒப்பாரி கேக்குறியே, யாரு செத்துட்டாங்கன்னு கேக்குற?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பயந்துபோய்ச் சொன்னாள். அன்று சாயந்தரம் வரைக்கும் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

ஆயாவுக்குக் கூச்சம் என்று நினைத்தேன். தொடர்ந்து கேட்டால் வழிக்கு வருவாள் என்றும் நினைத்தேன். இரண்டும் தப்பு என்று புரிய ஒன்றரை வருடம் ஆனது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாட்டுகளைப் பத்து வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். சொந்த ஊர்ப் பாட்டைப் பதிந்து வைக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள், நான் தப்பு செய்த இடங்களிலாவது தப்பிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆயா அந்த ஒப்பாரியைப் பாடியது 2017 கோடையில், பக்கத்து ஊர் படுகளத்தில். எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் இருக்கிற ஊர்களில் கோடையில் பாரதம் வைப்பார்கள். 18 நாள் வைக்கிற ஊரும் உண்டு. பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடி விளக்கம் சொல்லுவார். ராத்திரி சாப்பிட்டு முடித்து ஊர் கூடினதும் கூத்து தொடங்கும், விடிகிற வரைக்கும் போகும். கடைசி நாள் காலையில் படுகளம். கோயிலுக்கு எதிரே திடலில் துரியோதனனை மண்ணால் செய்து படுக்க வைத்திருப்பார்கள். வீட்டுக் கூரை நீளத்துக்கு மல்லாந்து கிடப்பான். கண்ணும் மீசையும் தீட்டியிருக்கும். ராத்திரி முழுக்க ஆடிய வேஷம் கலையாமல் பீமனும் துரியோதனனும் அந்த மண்ணுருவத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிச் சண்டை போடுவார்கள். தொடையில் அடி விழும். திரௌபதி கூந்தல் முடிவாள். அதுவரைக்கும் கூட்டம் ஆரவாரமாக இருக்கும்.

அதற்குப் பிறகு துரியோதனன் பெண்சாதி வேஷம் கட்டியவர் மண்ணுருவத்தின் தலைமாட்டில் விழுந்து அழத் தொடங்குவார். அன்று அந்த வேஷம் கட்டியவருக்கு ஐம்பது வயதாவது இருக்கும். தொண்டை கட்டி, குரல் பாதிதான் வந்தது. ஆனால் அந்த ராகத்தை எடுத்ததும் சுற்றி நின்ற பெண்களெல்லாம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். ஆயா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் தோள் ஆடியது. காதைக் கிட்டே கொண்டுபோனேன். வேஷம் கட்டியவர் எடுத்த ராகத்தில்தான் பாடினாள், ஆனால் சொல் வேறு. அது துரியோதனனுக்கு இல்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் கிணறு வெட்டும்போது மண் சரிந்து செத்துப்போன என் பெரியப்பாவுக்கு. அவர் பேர், அவர் கட்டிய காளையின் நிறம், அவர் போன அன்று அடுப்பில் இருந்த களி, எல்லாம் பாட்டில் வந்தது. பக்கத்தில் இருந்த இன்னொரு அம்மாவும் தன்னுடையவருக்காக அழுதுகொண்டிருந்தார். துரியோதனனை வைத்து அந்தத் திடலில் நூறு வீட்டுச் சாவும் அழப்பட்டது.

என் போன் பைக்குள் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. எடுத்திருந்தாலும் ஒலிபெருக்கி இரைச்சல்தான் பதிந்திருக்கும்.

ஒப்பாரிக்கு இழவு வீடு வேண்டும், இல்லாவிட்டால் படுகளம் வேண்டும். மழை பொய்த்துப்போன வருடம் கொடும்பாவி கட்டி ஊரைச் சுற்றி இழுப்பார்களே, அங்கேயும் ஒப்பாரி உண்டு. வேறு எங்கே கேட்டாலும் கிடைக்காது, கேட்கவும் கூடாது. மற்ற பாட்டுகளும் இப்படித்தான். நடவுப் பாட்டுக்குக் குனிந்த முதுகு வேண்டும். மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற கவலைப் பாட்டுக்கு மாடு வேண்டும், சால் என்கிற பெரிய வாளி வேண்டும், தண்ணீர் வேண்டும். கிணற்றுக்கு கரண்டு மோட்டார் வந்ததும் அந்தப் பாட்டு போய்விட்டது. அதைப் பாடிய கிழவர் ஒருவரைப் பாலக்கோடு பக்கம் கண்டுபிடித்தேன். கட்டிலில் உட்கார்ந்து இரண்டு வரி பாடினார், நின்றுவிட்டார். எழுந்து போய்க் கட்டுத்தறியில் இருந்த கயிற்றைப் பிடித்துப் பின்னுக்கு நாலு அடி வைத்தார். அடுத்த வரி தானாக வந்தது. முன்னுக்கு வந்தார், இன்னொரு வரி. மாட்டைப் பின்னால் நடத்திச் சால் வாளியை இறக்கி, முன்னால் ஓட்டி ஏற்றுகிற கணக்கில்தான் அந்தப் பாட்டே அமைந்திருக்கிறது. பாட்டை அவர் கால் ஞாபகம் வைத்திருந்தது.

அதற்கப்புறம் யாரிடமும் "பாட்டைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்று கேட்பதில்லை. சொல்லச் சொன்னால் அவர்களுக்கு வராது. வந்தாலும் வரி மாறும், நடுவில் விட்டுப்போகும். பாட விட்டு, பதிந்து, அன்று ராத்திரியே கேட்டு எழுதி, மறுநாள் அவர்களிடமே படித்துக் காட்ட வேண்டும். "சீலை"யை நான் "சேலை" என்று திருத்தியிருப்பேன், "வூடு" என்று பாடியதை "வீடு" என்று எழுதியிருப்பேன். அதெல்லாம் தப்பு. காதில் விழுந்தபடி எழுதுங்கள். ஓசூர்ப் பக்கம் போனால் ஒரே பாட்டில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வரும். நாம் தப்பட்டை என்கிற பறையை அங்கே தமட்டே என்பார்கள். அதில் எது சுத்தமான வடிவம் என்று தேடி ஒரு மாதம் வீணாக்கினேன். எல்லைப் பக்கத்துப் பாட்டு அப்படித்தான் இருக்கும்.

பம்பைக்கார தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பம்பை என்பது இரண்டு உருளை மேளம், ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக் கட்டியது. அவரிடம் இருந்ததில் ஒன்று மரம், ஒன்று வெண்கலம். கூட ஒருவர் உடுக்கை அடிப்பார், இன்னொருவர் கைச்சிலம்பு ஆட்டுவார். எங்கள் பக்கம் மாரியம்மன் பண்டிகை, அங்காளம்மன் மயானக்கொள்ளை, கரகம் ஜோடிப்பது, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பது என்று எதுவும் பம்பை இல்லாமல் நடக்காது. சிவராத்திரிக்கு மறுநாள் எங்கள் காவேரிப்பட்டணத்து மயானக்கொள்ளையைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் வயிற்றில் இறங்கியிருக்கும்.

தாத்தா உடுக்கையும் அடிப்பார். அவர் அதைப் பிடிப்பதை ஒருநாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இடது கை, உடுக்கையின் இடுப்பில் ஓடுகிற கயிற்றுக் கட்டைப் பிடித்திருக்கும். அமுக்கினால் தோல் இறுகிச் சத்தம் ஏறும், விட்டால் இறங்கும். வலது கையில் மூன்று விரல்தான் வேலை செய்யும். அம்மனை வர்ணித்து அழைக்கிறபோது, எந்த ஊரில் எந்தக் கோலத்தில் இருக்கிறாள் என்று வரிசையாகச் சொல்லி, ஒவ்வொரு ஊர்ப் பேர் முடிகிற இடத்திலும் இடது கையை ஒரு அமுக்கு அமுக்குவார். அந்த ஒலி கேள்வி கேட்கிற மாதிரியே மேலே போகும். சாமி வருகிறவர் அந்த இடத்தில்தான் அசைவார். "எல்லாம் இந்தக் கையி பாப்பா. வாய் சும்மா கூடப் போவுது" என்றார் தாத்தா.

பம்பையை போனில் பதிவது பற்றி ஒன்று சொல்கிறேன். கிட்டே போனால் பதிவு உடைந்துபோகும், கரகர என்றுதான் கேட்கும். இருபதடியாவது தள்ளி நின்று, தூண் மறைவில் ஒரு துணி மேல் போனை வையுங்கள். பாடுகிறவர் வாய்க்குக் கிட்டே தனியாக ஒரு காலர் மைக். கூத்துக்கு இது வேறு. அங்கே மைக்செட் இருக்கும். மைக்செட்காரரிடம் முன்கூட்டியே பேசி, மிக்ஸரிலிருந்து நேராக ஒரு வயர் வாங்கிக்கொண்டால் ஆர்மோனியம், டோலக், மிருதங்கம், தாளம் எல்லாம் தெளிவாக விழும். முகவீணை என்கிற சின்னக் குழல் வாத்தியம் இருக்கிற ஜமா, அதாவது கூத்துக் குழு, வந்தால் கட்டாயம் பதிந்துவிடுங்கள், வாசிக்கிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். பதிவின் முதல் நிமிஷத்தில் தேதி, ஊர், பாடுகிறவர் பேர், என்ன விசேஷம், பதிய அவர் சம்மதித்தாரா என்பதை உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். சாமி வந்து ஆடுகிற முகத்தைப் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்புவதை விட்டுவிடுங்கள். மறுநாள் அவர்கள் வயல் வேலைக்குப் போக வேண்டியவர்கள்.

தாத்தாவிடம் மூன்று வருடத்தில் ஒன்பது மணி நேரம் பதிந்தேன். ஒருநாள் அவர், "என்கிட்ட இருந்ததெல்லாம் எடுத்துக்கிட்ட. எனக்கு இந்த பாரத்தை எழுதிக் குடு" என்று ஒரு காகிதத்தை நீட்டினார். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் சேருகிற விண்ணப்பம். நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்திருந்தது. எத்தனை நாளாக வைத்திருந்தாரோ. எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மூன்று வருடத்தில் ஒரு தடவையாவது "உங்களுக்கு என்ன தாத்தா வேணும்" என்று நான் கேட்டிருக்க வேண்டும். எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்தில் ஒரு தடவை திருப்பி அனுப்பினார்கள், பேர் ஒரு எழுத்து மாறி இருக்கிறது என்று. மறுபடி அலைந்தோம், கிடைத்தது. இப்போது யாரிடம் பாட்டு கேட்கப் போனாலும் முதலில் வாரிய அட்டை இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன். மாவட்ட அளவில் கலை இளமணி தொடங்கிக் கலை முதுமணி வரைக்கும் வயதுக்கு ஏற்றபடி விருது தருகிறார்கள். அதற்கு விண்ணப்பிக்கத் தெரியாமலே பாதிப்பேர் இருக்கிறார்கள். படித்தவர்கள் செய்ய வேண்டிய வேலை இது.

2020, 2021 இரண்டு வருடமும் பண்டிகைக் காலத்தில் ஊரடங்கு. கூத்துக்காரர்களுக்கும் பம்பைக்காரர்களுக்கும் வருஷ வருமானமே அந்த நாலைந்து மாதம்தான். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிய, வேஷத்துக்குத் தோளில் கட்டுகிற புஜக்கட்டையையும் கிரீடத்தையும் விற்க வந்த ஒருவரை நான் பார்த்தேன். அவற்றை அவர் அப்பா கட்டி ஆடியிருக்கிறார். அந்த இரண்டு வருடத்தில் கட்டட வேலைக்கும் ஓசூர்க் கம்பெனிகளுக்கும் போனவர்களில் எல்லோரும் திரும்பி வரவில்லை.

தப்பட்டையைப் பற்றி எழுதாமல் போனால் இது முழுசாகாது. வேப்பங்கட்டைச் சட்டம், கன்றுத்தோல். வைக்கோலைக் கொளுத்தி, தீயில் தோலைக் காட்டிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். 'தொப்' என்றிருந்தது 'டண்' என்று ஆகிறபோது எடுத்துவிட வேண்டும். ஒரு நிமிஷம் அதிகமானால் தோல் வெடித்துவிடும். ஒரு கையில் குட்டையான அடிக்குச்சி, இன்னொரு கையில் மெல்லிய சிண்டுக்குச்சி. சாவுக்கு ஒரு அடி, சாமிக்கு ஒரு அடி, கல்யாணத்துக்கு ஒரு அடி. அரூர்ப் பக்கம் ஒரு வீட்டில் பெரியவர் எனக்காக எல்லா அடியும் வாசித்துக் காட்டச் சம்மதித்தார். அவர் மகன் வந்து தடுத்துவிட்டார். "எங்கப்பாவ எழவுக்குக் கூப்புட்டு வாசல்ல நிக்க வெச்சாங்க. தண்ணிகூட தூக்கித்தான் ஊத்துனாங்க. நீங்க கலைன்னு சொல்றீங்க. நான் இத தொடமாட்டேன், எம்புள்ளயும் தொடாது" என்றார்.

நான் மறுபேச்சு பேசவில்லை, பேச எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. மரபு அழிகிறதே என்று வருத்தப்படுகிறவர்கள் அந்த மரபை யார் தலையில் சுமத்தி வைத்திருந்தோம் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். இன்று பறையைக் கல்லூரிப் பிள்ளைகள், பெண்கள் உட்பட, தலைநிமிர்ந்து அடிக்கிறார்கள், உரிமைக் குரலாக அடிக்கிறார்கள். அது எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனாலும் அந்த மகன் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன். அந்த அடிகள் என்னிடம் இல்லை.

இத்தனைக்கும் இந்த மண்ணில் மேளத்துக்கு இருந்த மரியாதை கொஞ்சநஞ்சம் இல்லை. தருமபுரிதான் பழைய தகடூர், அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். அவ்வையார் அவனைப் பாடியதையெல்லாம் நான் பள்ளியில் மனப்பாடப் பகுதியாகப் படித்து மறந்தவள். பாட்டு தேடத் தொடங்கின பிறகு புறநானூற்றை மறுபடி எடுத்தேன். 89ஆம் பாட்டில் பொதுவிடத்தில் தொங்குகிற தண்ணுமை மேளத்தில் காற்று மோதி ஒலிக்கிறது. அதைக் கேட்டு 'போர் வந்துவிட்டது' என்று எழுகிறவன் அதியமான். 103ஆம் பாட்டில் ஒரு விறலி காவடித் தண்டின் ஒரு பக்கம் பதலை மேளமும் இன்னொரு பக்கம் சிறுமுழவும் தொங்கவிட்டுக்கொண்டு, யார் கொடுப்பார்கள் என்று கேட்டு வருகிறாள். அஞ்சியிடம் போ என்கிறார் அவ்வை. 392இல், பனி விழுகிற விடியலில் அதியமான் மகன் எழினியின் வாசலில் நின்று ஒருவர் கிணை என்கிற மேளத்தை அடிக்கிறார். யானை அடித்தடம் மாதிரி வட்டமான, ஒரு முகமுள்ள கிணை. அதைப் படித்தபோது தீயில் காய்ச்சிய தப்பட்டையின் வட்டம்தான் என் கண்ணுக்கு வந்தது. கிணையும் தப்பட்டையும் ஒன்றா என்பதை ஆராய்ச்சிக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். விடியற்காலையில் வாசலில் மேளத்தோடு நிற்கிறவரைப் பாட்டாக்கி வைத்த ஊர் இது. அந்த வாசலில் தூக்கித் தண்ணீர் ஊற்றுகிற காலம் பின்னால் வந்தது என்பதுதான் வயிற்றைப் பிசைகிறது.

அதியமான் செத்த பிறகு அவன் நடுகல்லுக்குப் பீலி சூட்டிக் கள் வைக்கிறார்களே, அதை ஏற்பானோ என்று அவ்வை கலங்குகிற பாட்டும் உண்டு, 232ஆம் பாட்டு. எங்கள் இரண்டு மாவட்டத்திலும் நடுகல்லுக்குக் குறைவே இல்லை. பல ஊர்களில் அதுதான் வேடியப்பன் சாமி. பம்பைக்கார தாத்தா கடைசியாக வாசித்ததும் ஒரு வேடியப்பன் கல்லுக்கு முன்னால்தான். சந்தனம் பூசி, மாலை போட்டு, கல்லில் இருக்கிற வீரனின் வில் மட்டும் தெரிந்தது.

பதிவுகளை எப்படித் தொலைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2019இல் போன் திரை உடைந்தது, பழுது பார்க்கக் கொடுத்தேன். கேட்காமலே உள்ளே இருந்த எல்லாவற்றையும் அழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆயாவும் அவள் கூட்டாளிகளும் பாடிய 41 பாட்டு போய்விட்டது. வேறு எங்கேயும் நகல் எடுத்து வைக்கவில்லை. அப்போது ஆயா போய் நாலு மாதம் ஆகியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன்.

நோட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் முதல் வரி மட்டும் குறித்திருந்தேன். அதை வைத்து ஆயாவோடு நடவுக்குப் போன பெண்களைத் தேடிப் போனேன். முதல் வரியை நான் பாடினால் அவர்கள் மேலே எடுத்துப் போனார்கள். எழுதிக் காட்டியபோது நடக்காதது, பாடிக் காட்டியபோது நடந்தது. பத்தொன்பது பாட்டு திரும்பக் கிடைத்தது. ஐந்து பாட்டு எனக்கே முழுசாகத் தெரிந்திருந்தது, திரும்பத் திரும்பக் கேட்டதால். ஆகவே ஒரு நகல் போனில், ஒரு நகல் கணினியில், ஒரு நகல் வேறு ஊரில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் என்று வையுங்கள். அதைவிட முக்கியமாக, பதிகிற பாட்டில் நாலில் ஒன்றையாவது நீங்களே பாடப் பழகுங்கள். குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. பாடத் தெரிந்தவளாகப் போனால் அவர்கள் பேசுகிற விதமே மாறிவிடுகிறது. அதுவரைக்கும் "என்ன வேணும்மா" என்று கேட்டவர்கள், "இங்க வந்து உக்காரு கண்ணு" என்றார்கள்.

போன ஆடியில் என் மகளைக் கேவுரு (கேழ்வரகு) நடவுக்குக் கூட்டிப்போனேன். பெரிய மழை இல்லை, பயிர் நனைகிற அளவுக்குத்தான். ஆயாவின் நாத்தனாருக்கு எண்பது தாண்டிவிட்டது, வரப்பில்தான் உட்கார்ந்திருந்தார். நடவு நடக்கிறபோது யாருமே பாடவில்லை. ஒரு பெண்ணின் இடுப்பில் இருந்த போனில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மகள் தானாகத் தொடங்கினாள்.

மேக்கால மின்னுதடி மேகம் இருட்டுதடி
கேவுரு நாத்தெடுத்துக் கீழ்வெளிக்குப் போலாமடி

ஒரு பெண் போனை நிறுத்தினார். இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாவது வரியில் மகள் ராகத்தைத் தவறவிட்டாள். வரப்பிலிருந்து கைத்தடியைத் தட்டி, "அங்க இழுக்கக் கூடாது, குனியற எடம் அது, வெட்டிப் பாடு" என்று அதட்டினார் கிழவி. மகள் குனிந்து நாற்றை ஊன்றினாள், வரி வெட்டி விழுந்தது. "ம்ம், அடுத்தது" என்றார்.